அத்தியாயம் 14: லைன் சரியான ஞாயிறு

போன வாரம், பழைய லேப்டாப் புது வைஃபை கார்டை ஏற்காமல் துப்பிவிட்ட இடத்தில், பெரியவளைத் தலையில் கை வைத்தபடி உட்காரவைத்துவிட்டு வந்துவிட்டோம். அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிற ரகம் இல்லை. ஏழு நாளில் எழுந்து, முகம் கழுவி, வேலைக்குப் போய்வந்து, அந்தப் பழைய லேப்டாப்பின் பூர்வோத்தரம் முழுவதையும் படித்துத் தெரிந்துகொண்டு, ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்துவிட்டாள்.

நடுவில் ஒரு வாரம் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வீட்டு அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம் ஆகிறது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில் ஊருக்கெல்லாம் வழி சொன்ன குரல் அது. அப்பா பஸ் ஓட்டினவர். அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் ஆளைத் தேடிப்போய்ப் பார்த்தார், கட்டிக்கொண்டார்.

இப்போது அம்மா கழுத்தில் ஒரு சின்னக் கருவியை அழுத்திக்கொண்டு உதட்டை அசைத்தால், வண்டு ரீங்காரம் மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு சத்தம் வார்த்தையாக வெளியே வரும். கருவி பார்ப்பதற்கு டார்ச் லைட் மாதிரி இருப்பதால் வீட்டில் அதற்கு டார்ச் என்றே பெயராகிவிட்டது.

சின்னவன் வெளிநாட்டில் இருக்கிறான். ஆபரேஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு லேப்டாப்பில் வருவான். அப்பாவிடம் ஊர்க்கதை கேட்பான், அக்காவிடம் வம்பளப்பான். அதற்குள் பத்து நிமிஷம் ஓடிவிடும். அம்மா டார்ச்சை எடுக்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து, "லைன் போகுதும்மா, கேட்கல" என்பதோடு முடிந்துவிடும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதைதான். போனில் பேசலாமே என்றால், "அதுல முகம் தெரியலக்கா, லேப்டாப்லயே வாங்க" என்பான்.

இத்தனை நாள் அது வெறும் வருத்தம். இந்த ஞாயிறு அப்படி இல்லை. அம்மாவின் கழுத்தில் மறுபடி ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. வியாழக்கிழமை ஆபரேஷன். சின்னவனுக்குத் தெரியாது. பெரியவள் மெசேஜ் போடுகிறேன் என்றபோது அம்மா டார்ச்சை எடுத்து, "நான்தான் சொல்லுவேன்" என்றுவிட்டாள். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இந்தத் துண்டு விரிப்பெல்லாம்.

பெரியவளுக்குக் கம்ப்யூட்டர் தொழில் இல்லை. பல் செட் செய்யும் லேபில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஒரு மயிரிழை உயரம் கூடிப்போனாலும் போட்டுக்கொள்கிறவர் வாயை மூட முடியாத தொழில். அங்கிருந்து ஒரு இடுக்கியும், கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியும் கொண்டுவந்திருந்தாள்.

அப்பா எதிரில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களை ஒரு சாஸரில் வாங்கிக்கொண்டிருந்தார்.

"போன வாரம் போட்ட கார்டை ஏம்மா அது துப்புச்சு?"

"அதுக்குள்ளேயே ஒரு பட்டியல் இருக்குப்பா. செஞ்சவங்க எழுதி வச்சது. அதுல நம்பர் இருக்கற கார்டைத்தான் உள்ள விடும். இல்லைன்னா ஸ்டார்ட்டே ஆகாது."

"நம்ம டிப்போ வாட்ச்மேன் மாதிரி. ஐ.டி. கார்டு இல்லைன்னா மேனேஜரையே வெளிய நிறுத்துவான்."

"அதேதான். இந்தத் தடவை அந்தப் பட்டியல்ல இருக்கற நம்பரையே தேடிப் பிடிச்சேன்."

"என்னமோ போ. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? அவன் காலேஜ் படிக்கறப்ப வாங்கினது. அவனே சொன்னானே, பழசு, எதை மாத்தினாலும் ஏத்துக்காதுன்னு."

அவன் அப்படிச் சொன்னது உண்மைதான். மூன்று வாரத்துக்கு முன்னால் இவள் கார்டு மாற்றுகிற யோசனையைச் சொன்னபோது, அதெல்லாம் வேண்டாம் என்று கொஞ்சம் வேகமாகவே சொன்னான். வீட்டுச் செலவைப் பற்றித் தம்பிக்கு எவ்வளவு அக்கறை என்று அன்றைக்கு அவளுக்கு மனசு நெகிழ்ந்துபோய்விட்டது.

லேப்டாப்பைக் கவிழ்த்து, பேட்டரியைக் கழற்றி, அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்தாள். உள்ளே எட்டு வருஷத்துத் தூசு. ஓரமாக, தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைத் தகடு ஒன்று. அதுதான் வயர்லெஸ் கார்டு. அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள், நுனியில் கடுகளவு பித்தளைப் பொத்தான்களோடு.

"இந்த ரெண்டும்தான் ஆன்டெனா. பிச்சுக்கிட்டா போச்சு. மூச்சு விடாதீங்கப்பா."

அப்பா நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டார். அவள் இடுக்கியால் பொத்தானைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேர்மேலே தூக்கினாள். ஒன்று வந்தது. இரண்டாவதும் வந்தது. ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றியதும் பழைய கார்டு தானாகவே சாய்வாக எழுந்து நின்றது.

"ஆமா, இது என்ன தப்பு பண்ணுச்சு? எரிஞ்ச மாதிரி ஒண்ணும் தெரியலையே."

"தப்பெல்லாம் இல்ல. அதுக்கு ஒரே ஒரு ரூட்தான் தெரியும். இந்தக் கட்டடத்துல இருக்கற அத்தனை வீட்டு வைஃபையும் அதே ரூட்ல ஓடுது. ஒரே நெரிசல். புதுசுக்கு இன்னொரு ரூட் தெரியும். அது காலியா கிடக்கு."

"இப்படிச் சொன்னா எனக்குப் புரியாதா? பைபாஸ்னு சொல்லு."

புதுக் கார்டைச் சாய்வாகச் செருகி, அழுத்தி, ஸ்க்ரூவை முடுக்கினாள். கறுப்பு ஒயரைக் கறுப்பு முக்கோணத்தின் மேலும் வெள்ளையை வெள்ளையின் மேலும் வைத்து நகத்தால் அழுத்தினாள். இரண்டும் 'டிக்' என்று உட்கார்ந்தன. பல் செட்டிலும் இந்தச் சத்தம் வரும்வரை அவள் விடமாட்டாள்.

பவர் பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்துடுச்சும்மா! உள்ள விட்டுட்டான் வாட்ச்மேன்!" அப்பா கத்தினார்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். கழுத்தில் இருக்கும் துளையை மறைக்க எப்போதும் கட்டிக்கொள்கிற பருத்தித் துணியை இன்றைக்கு மாற்றி, நீலத்தில் ஒன்று கட்டியிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரித்தாள். இந்த எட்டு மாதத்தில் அம்மா பல் தெரியச் சிரித்தது இரண்டாவதோ மூன்றாவதோ தடவை.

பெரியவள் லேசில் திருப்திப்படுகிறவள் இல்லை. முந்தின நாளே பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த டிரைவரை, அதாவது கார்டை ஓட்டுகிற மென்பொருளை, ஏற்றினாள். தன் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் அங்கிருந்து லேப்டாப்புக்கு வீடியோ கால் போட்டாள். அம்மாவும் அப்பாவும் மாறி மாறி முகம் காட்டினார்கள். நாற்பது நிமிஷம். ஒருதரம்கூட உடையவில்லை. அப்பாவின் காதோர மயிர்வரைக்கும் தெரிந்தது.

கீழே வந்தபோது அம்மா கண்ணாடிக்கு முன்னால் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி வேலையில் பழகிய பழக்கம், எதையும் எழுதாமல் பேசமாட்டாள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே ஒரு சாய்கோடு, அதிக நேரம் நிறுத்த வேண்டிய இடத்தில் இரண்டு. 'ஆஸ்பத்திரி' என்ற வார்த்தையை அடித்திருந்தாள். டார்ச்சில் அந்த 'ஸ்' வருவதில்லை. 'டாக்டர்கிட்ட' என்று மேலே எழுதியிருந்தாள்.

பெரியவள் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். "அப்பா, ரெண்டு பேரும் கேளுங்க. கார்டு மாத்தினதை அவன்கிட்ட இப்ப சொல்லாதீங்க. அம்மா பேசி முடிக்கட்டும். அப்புறம் நான் சொல்றேன். பழசு ஏத்துக்காதுன்னு சொன்னான்ல, அவன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும்" என்றாள்.

அக்கா தம்பிக்குள் இந்தக் கெத்து எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அன்றைக்கு அதை மட்டும் அவள் செய்யாமல் இருந்திருக்கலாம்.

சரியாகப் பதினோரு மணிக்குச் சின்னவன் வந்தான்.

வந்தான் என்றால், நிஜமாகவே வந்து எதிரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இளைத்திருந்தான். வலது புருவத்துக்குப் பக்கத்தில் இரண்டு நரைமுடி. பின்னால் ஜன்னலில் சாம்பல் நிறத் திரை, கொடியில் உலர்த்தின இரண்டு சட்டை. அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"என்னப்பா, எப்படி இருக்கீங்க? முட்டிவலி?"

"முட்டி கிடக்கு. நீ ஏண்டா இப்படி எலும்பும் தோலுமா இருக்க? சமைக்கறியா இல்லையா?"

"சமைக்கறேம்பா. கேமராவுல அப்படித் தெரியுது. அக்கா, என்ன இன்னிக்குத் தலையெல்லாம் சீவியிருக்க? பொண்ணு பார்க்க வராங்களா?"

"வாயில வசம்பு வச்சுத் தேய்க்கணும் உனக்கு."

சிரித்தார்கள். அப்பா ஊர்க்கதை சொன்னார். பழைய டிப்போவை இடித்துவிட்டார்கள் என்றார். அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்டுக்கொண்டே அவ்வப்போது மணியைப் பார்த்துக்கொண்டான். படம் இத்தனை தெளிவாக இல்லாத நாட்களில் இது கண்ணில் பட்டிருக்காது. பெரியவளின் கண்ணில் இன்றைக்குப் பட்டது.

பதினொன்று பத்துக்கு அம்மா காகிதத்தை மடியில் விரித்து, நீலத் துணிக்குப் பக்கத்தில் டார்ச்சை அழுத்தினாள்.

"கண்ணா. அம்மா பேசறேன்."

அந்த முதல் ரீங்காரம் கேட்டதும் சின்னவனின் முகம் மாறியது. யாரோ எதிர்பாராமல் அடித்துவிட்டமாதிரி ஒரு கணம். உடனே சமாளித்துக்கொண்டான்.

"அம்மா... கேட்கலம்மா... உடையுது... லைன்..."

பிறகு அவன் செய்ததை என்னவென்று சொல்ல? வாயைப் பாதி திறந்தபடி, ஒரு கையைப் பாதி தூக்கியபடி, அசையாமல் நின்றுவிட்டான். படம் உறைந்துபோனால் எப்படி இருக்குமோ அப்படி. முப்பத்தோரு வயது ஆண்பிள்ளை, சிலை விளையாட்டு விளையாடுகிற குழந்தை மாதிரி.

"அடடா, நின்னுடுச்சே! தட்டட்டுமா?" அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

"வேணாம்பா" என்றாள் பெரியவள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அவன் பின்னால் சாம்பல் நிறத் திரை காற்றில் மெல்ல உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. கொடியில் சட்டைக் கை ஒன்று ஆடியது. வெளியே எங்கேயோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது, அது துல்லியமாகக் கேட்டது.

அப்படியானால் எட்டு மாதமும் இதுதானா? லைன் கெட்டது பாதி, இவன் கெடுத்தது பாதியா? பெரியவளுக்கு உச்சந்தலைக்கு ரத்தம் ஏறியது. "டேய்" என்று வாயைத் திறந்தாள்.

அம்மாவின் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கமாக.

திரும்பிப் பார்த்தாள். அம்மா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்காமல் பிடித்துப் பிடித்து அந்தக் கண்களில் நீர் கட்டியிருந்தது. ஒரு துளி வழிந்து, மூக்கோரமாக இறங்கி, உதட்டுக்கு வந்தது. அவன் துடைக்கவில்லை. துடைக்க முடியாதே, படம் நின்றுபோயிருக்கிறதே.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா?

அம்மா காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தாள். டார்ச்சை மறுபடி அழுத்தினாள். சாய்கோடு இல்லை, ஒத்திகை இல்லை.

"படம் நின்னு போச்சு போல. பரவாயில்ல. சொல்ல வந்ததைச் சொல்லிடறேன்."

அவன் அசையவில்லை.

"கழுத்துல மறுபடி ஒரு கட்டி. வியாழக்கிழமை எடுக்கறாங்க. டாக்டர் நல்லவர். நீ பயப்படாத."

இரண்டாவது துளியும் வழிந்தது.

"இந்தக் குரல் எனக்கும் பிடிக்கலப்பா."

அம்மா டார்ச்சை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"ஆனா அம்மாகிட்ட வேற இல்ல."

டார்ச்சைக் கீழே வைத்தாள். அவன் இன்னும் சில வினாடி அப்படியே இருந்தான். பிறகு, தூக்கின கை மெதுவாகக் கேமராவை நோக்கி வந்தது. படம் போயிற்று. 'அழைப்பு முடிந்தது' என்று திரையில் எழுத்து வந்தது. மேலே வைஃபை குறி முழுசாக, ஒரு கோடு குறையாமல் நின்றது.

அப்பா அப்போதுதான் கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார்.

"போயிடுச்சா? இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்தது! கம்பி ரெண்டையும் சரியா மாட்டினியாம்மா?"

பன்னிரண்டு வருஷத்தில் பெரியவள் செய்த வேலை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. லேபில் முதலாளியே அவளை வைத்துத்தான் மற்றவர்களைத் திட்டுவார். இன்றைக்குச் செய்தது அத்தனையிலும் சுத்தமான வேலை என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா அவளைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை.

"சரியா உட்காரல போலப்பா" என்றாள் பெரியவள். "மறுபடி திறந்து பார்க்கறேன்."

"நான் அப்பவே சொன்னேன், பழசுக்குப் புதுசு ஒத்துவராதுன்னு. சரி விடு, மனுஷனே சமயத்துல ஒத்துழைக்க மாட்டேங்கறான், மெஷினைக் கோச்சுக்கிட்டு என்ன பண்ண?"

அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுத்த அறைக்குப் போனார்.

அஞ்சு நிமிஷம் ஆனது. பெரியவளின் போன் அதிர்ந்தது. சின்னவன்தான்.

'அக்கா, லைன் போயிடுச்சு. படம் அப்படியே நின்னுடுச்சு. அம்மா ஏதாவது சொன்னாங்களா?'

அவள் இரண்டு தரம் படித்தாள். கோபத்தில் விரல் கிடுகிடுவென்று ஓடியது. 'புது கார்டு போட்டாச்சுடா. நீ அழுதது வரைக்கும் தெளிவா தெரிஞ்சுது. நடிக்காத.'

அனுப்புவதற்குள் அம்மா போனை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். படித்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அவசரமே இல்லாமல், ஒற்றை விரலால் வேறு ஒன்றை எழுதி அனுப்பிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

'அம்மாதான்பா எழுதறேன். ஒண்ணும் சொல்லல. லைன் வரும் வரும்னு உட்கார்ந்திருந்தோம். நேரத்துக்குச் சாப்பிடு.'

"ஏம்மா?" பெரியவள் சத்தம் வராமல் கேட்டாள். "அவனுக்கு எல்லாம் கேட்டுச்சும்மா. கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தான். இனிமே அவன் எப்படி வருவான்? கிளம்பி வந்தா, கேட்டதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. அவனுக்கு வழியையே அடைச்சுட்டியே."

அம்மா டார்ச்சை எடுக்கவில்லை. உதட்டை மட்டும் அசைத்தாள். எட்டு மாதத்தில் பெரியவளுக்கு அந்த உதட்டைப் படிக்கப் பழகிவிட்டது.

'அழுதான் இல்ல. போதும்.'

போனில் இரண்டு டிக்கும் நீலமாயின. படித்துவிட்டான். பதில் வரவில்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. பெரியவள் போனைக் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தினாள், மறுபடி கவிழ்த்தாள். வியாழக்கிழமைக்கு இடையில் மூன்றே மூன்று நாள்தான்.

அம்மா மூடிய லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். தோள் குலுங்கியது, நீலத் துணி நனைந்தது. குரல்வளை இல்லாதவர்கள் அழுதால் சத்தம் வராது. பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தானும் அழுதால் கேட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த அறையில் அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கவலைப்படாதீங்க ரெண்டு பேரும்!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிடலாம்!"

"சரிப்பா" என்றாள் பெரியவள்.